காத்திரு என்றொரு துண்டு

அக்கா, அந்த பிளக் உங்களுக்கு வேணுமா? வேண்டாமா? அப்போ நான் எடுத்துக்கிறேன். கொஞ்சம் காலைத் தூக்குங்க, வயரைப் பின்னாடி விட்டுக்கிறேன். அவ்வளவுதான். இந்த லேப்டாப்புக்கு பேட்டரி செத்துப் பல காலம் ஆச்சு. வயரைப் பிடுங்கினா உசுரு போயிடும். நான் பிளஸ் டூ படிக்கிறப்போ எங்க ஊர் பள்ளிக்கூடத்துல கொடுத்தது. என் கல்யாண வீடியோகூட இதுக்குள்ளதான் இருக்கு. அமுக்கிவிட்டா முனகி முனகி எழுந்திரிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் பேசிட்டிருப்போம். இந்த வரிசையும் இப்போதைக்கு நகர்ற மாதிரி தெரியலை.

நீங்க சாத்தூரா? நான் அருப்புக்கோட்டை. பேரு மாரீஸ்வரி. வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பஞ்சர் கடை வச்சிருக்கார், கடைக்கு மேலேயே வீடு. ஒரே பிள்ளை, தன்ஷிகா, அஞ்சாப்பு. அவ பண்ணின கேம்தான் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கு. ஜெபராஜ் சார்னு ஒருத்தர் எங்க பள்ளிக்கூடத்துல சனிக்கிழமை சனிக்கிழமை வந்து கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறார். அவர்தான் இந்தக் கல்வி ஆபீசுக்குக் கொண்டுவந்து கொடுக்கணும். இன்னிக்கு அவருக்கு வேற ஊர்ல வேலை. பிள்ளைக்குப் பரீட்சை. அதனால நான் வந்தேன்.

உங்க பையனும் கேம்தானா? பாம்பு ஆப்பிள் தின்னுமா? நல்லது நல்லது. உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. எனக்குத்தான் தலைவலி. இந்தப் பென் டிரைவ்ல ரெண்டு கேம் இருக்குக்கா. ஒண்ணு அவ பண்ணினது. இன்னொண்ணு அதையே நான் திருத்தினது. ஒண்ணுதான் வாங்கிப்பாங்களாம். எதைக் கொடுக்கிறதுன்னு பஸ் ஏறினதுல இருந்து மண்டை காயுது. என் முறை வர்றதுக்குள்ள முடிவு பண்ணணும். நீங்களும் பிள்ளை வச்சிருக்கீங்க. முழுசாக் கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

அந்த இலவச புரோகிராம் உங்களுக்குத் தெரியும்தானே? பூனை வருமே, அதுதான். கலர் கலராத் துண்டு துண்டா வரும், ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். சார் பிளாக்னு சொல்வார், நான் துண்டுனுதான் சொல்வேன். எல்லாத் துண்டுலயும் தமிழ்லயே எழுதியிருக்கு, அதுதான் அதுல எனக்குப் பிடிச்சது. "பத்து அடி நகர்"னு ஒரு துண்டு. "எப்போதும்"னு ஒரு துண்டு, அதுக்குள்ள எதைப் போட்டாலும் நிக்காம நடந்துக்கிட்டே இருக்கும். அப்புறம் "காத்திரு"னு ஆரஞ்சுக் கலர்ல ஒரு துண்டு. அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஏன்னு சொல்றேன்.

ஆரம்பத்துல பெற்றோர் கூட்டம் போட்டு ஜெபராஜ் சார் எல்லா அம்மாக்களையும் பார்த்துச் சொன்னார்: "தயவுசெஞ்சு பிள்ளைங்களுக்கு உதவாதீங்க. அவங்களா தப்பு பண்ணட்டும். தப்பு பண்ணித்தான் இதைக் கத்துக்க முடியும்."

நான் அப்பவே நினைச்சேன், பாவம், இவருக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு.

ஆனா நான் உதவவே இல்லைக்கா. அதை முதல்லயே சொல்லிடுறேன். மத்த வீடுகள்ல எப்படின்னு எனக்குத் தெரியாது. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். முதுகை வளைச்சு உட்கார்ந்தா, நிமிர்ந்து உட்காருன்னு சொன்னேன். தலைக்குக் குளிச்சுட்டு அப்படியே வந்து உட்கார்ந்துட்டா, தலை காஞ்சுதான்னு தொட்டுப் பார்த்தேன். வாய்ல இருந்த ரிப்பனை எடுன்னேன். தண்ணி குடிச்சியான்னு கேட்டேன். பெத்தவ இதைக்கூடக் கேட்கக் கூடாதா?

அவ முதல்ல என்ன பண்ணினா தெரியுமா? பூனை பத்து அடி நகரும். காத்திருக்கும். அண்ணாந்து பார்க்கும். மறுபடி பத்து அடி. மறுபடி காத்திருக்கும். எனக்கு உட்கார்ந்து பார்க்கவே முடியலை. சோறு கொதிக்குது, கீழ கடைக்கு டீ கொடுத்து விடணும், இந்தப் பூனை என்னடான்னா வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது.

"ஏன் பிள்ள நிக்குது?"

"மேகம் பார்க்குதும்மா."

"மேகமே நீ வரையலையே."

"பூனைக்குத் தெரியும்மா."

அவ ரிப்பன் கட்டப் போன நேரத்துல ரெண்டு ஆரஞ்சுத் துண்டை உருவிப் போட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணினது. பூனை விர்ருன்னு ஒரு ஓட்டம் ஓடி அந்தப் பக்கம் போயிடுச்சு. எவ்வளவு சுறுசுறுப்பு! மறுநாள் பள்ளிக்கூடத்துல சார், "பூனை ஏம்மா இப்படித் தலைதெறிக்க ஓடுது?"ன்னு கேட்டிருக்கார். "எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சார்"னாளாம். வகுப்பே சிரிச்சுச்சாம். அப்படி சட்டுன்னு பதில் சொல்றதுல அவ என்னை மாதிரி.

இன்னொரு நாள் கூத்து கேளுங்க. நான் பக்கத்துல இருந்து, "பத்து அடி பத்தாதுடி, அம்பது அடி கொடு. நூறா கொடு. அப்போதான் அது வழிக்கு வரும்"னு கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன். கீழ டயர் கழட்டிட்டிருந்த மனுஷன், கையில ஸ்பானரோட மாடிப்படி ஏறி ஓடி வர்றார். "ஏய் மாரி, பிள்ளையை ஏண்டி போட்டு அடிக்கிற?" பின்னாடியே பஞ்சருக்கு நின்ன ரெண்டு பேர். நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. அவருக்குக் கடைசிவரை விளங்கலை. பூனைக்கு எதுக்கு நூறு அடின்னு வந்தவங்ககிட்ட விளக்கிக்கிட்டே இறங்கினார்.

அந்தத் துண்டுகளைப் பிடிச்ச கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா. நான் சொல்றது உங்களுக்குப் புரியும். நான் படிச்ச பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் ரூம்னு ஒண்ணு இருந்துச்சு, சாவி தலைமையாசிரியர் இடுப்புல இருந்துச்சு. லேப்டாப் வாங்கின வருஷமே கல்யாணமும் ஆயிடுச்சு. இப்போ என்னடான்னா, வெங்காயம் நறுக்கும்போது துண்டு துண்டா அதுதான் ஓடுது. "சோறு வெந்தால் அப்போது அடுப்பை நிறுத்து"னு வாய்விட்டே சொல்லிட்டிருந்திருக்கேன், வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பார்த்தார்.

அப்போதான் பள்ளிக்கூடத்துல கண்காட்சி வெச்சாங்க. நான் தன்ஷிகாவுக்கு யோசனை மட்டும் கொடுத்தேன். டெங்கு ஒழிப்பு. நல்ல தலைப்பு, யாரும் குறை சொல்ல முடியாது. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைஞ்ச உரல், எல்லாத்துலயும் தண்ணி தேங்கியிருக்கும், கொசு கொசுவா வரும், தட்டினா சாகும். டயரை மட்டும் வீட்டுக்காரர் ஆட்சேபிச்சார், நம்ம கடையை நாமளே காட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்குன்னார். எடுத்துட்டேன். யோசனையைக் கொடுத்துட்டு அப்படியே கொசுவையும் நானே வரைஞ்சேன். வரைஞ்ச கையோட பறக்கவும் விட்டுட்டேன். அந்த ஒரு வாரமும் பிள்ளை மொட்டை மாடியில விளையாடிட்டிருந்தா. பாவம், படிப்புக்கு நடுவுல அவளுக்கும் ஓய்வு வேணும்தானே.

கண்காட்சி அன்னிக்கு அம்மாக்களை எல்லாம் வெளியே நிறுத்திட்டாங்க. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நாங்க நிக்கிறோம். உள்ள நடுவரா வந்த ஒரு மேடம் ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்குது: "இதுல ஒரு சின்ன மாத்தம் செய்யேன் பார்க்கலாம்." அவ்வளவுதான். பிள்ளைங்க அத்தனையும் திரும்பி ஜன்னலைப் பார்க்குதுங்க! ஜன்னல்ல இருந்து ஒரே சைகை. ஒரு அம்மா கையால வட்டம் போடுது, இன்னொண்ணு "நீலத் துண்டு, நீலத் துண்டு"ன்னு காத்துல கத்துது. வெட்கக்கேடு. இப்படியா பிள்ளைங்களுக்குப் பண்ணிக் கொடுப்பாங்க? நான் அப்படியெல்லாம் பண்ணலை. "கொசுவை மெதுவாப் பறக்க வை"ன்னு என் பிள்ளைகிட்ட கேட்டப்போ, கம்பிக்குள்ள கையை விட்டு மெதுவா ஆட்டினேன், அவ்வளவுதான்.

அவ என்னைப் பார்க்கவே இல்லைக்கா. அந்த மேடத்தைப் பார்த்து, "இது எங்கம்மாவோடது மிஸ். என்னோடது வேற இருக்கு, காட்டவா?"ன்னு கேட்டுட்டா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பக்கத்துல நின்ன அம்மாக்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்குதுங்க, என்னமோ அவங்க வீட்டுல அப்படி நடக்காத மாதிரி.

அவ திறந்தது ஒரு கேம். எப்போ பண்ணினாளோ தெரியலை. பள்ளிக்கூடத்துலயே மதியச் சாப்பாட்டு நேரத்துல பண்ணியிருக்கா. ஒரு பிள்ளை, ரெட்டைச் சடை. அந்தப் பக்கம் ஒரு கேட். கேட்டுக்கு வெளியே பிள்ளைங்க விளையாடுதுங்க. அம்பு விசையை அமுக்கி இந்தப் பிள்ளையைக் கேட்டு வரைக்கும் கொண்டுபோகணும். ஆனா ஒரு பொம்பளை பின்னாடியே வருவா. வந்து ஒவ்வொண்ணாச் சொல்லுவா. "தலை காஞ்சுதா?" ஒரு பேச்சுக்குப் பிள்ளை பத்து அடி பின்னாடி போயிடும். "தண்ணி குடிச்சியா?" பத்து அடி பின்னாடி. "நிமிர்ந்து உக்காரு." "எங்க இருக்கு கவனம்?" "சீக்கிரம்." "சீக்கிரம்." "சீக்கிரம்." எல்லாத்தையும் "எப்போதும்" துண்டுக்குள்ள போட்டிருக்கா. நிக்கவே மாட்டா அந்தப் பொம்பளை. கேட்டு கிட்ட வரும், போயிடும். வரும், போயிடும். ஜெயிக்கவே முடியாது.

உள்ள எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன். அச்சு அசல் இப்படி ஒரு பொம்பளையை நாம எல்லாரும் பார்த்திருப்போம் இல்லையா?

அப்புறம் திடீர்னு உள்ள சத்தமே இல்லை. என்னாச்சுன்னு எட்டிப் பார்த்தா ஜெபராஜ் சாரோட முதுகு மறைச்சிடுச்சு. அந்த மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறது மட்டும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரே கைதட்டல். மாவட்டப் போட்டிக்கும் அதையே எடுத்துட்டாங்க. ஏன் தட்டினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை. கொசு கேமுக்கு இதைவிட நாலு மடங்கு உழைப்பு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அந்தப் பொம்பளை யாரு பிள்ள?"

அவ சடையைப் பின்னிக்கிட்டே நிக்குறா.

நானே பார்த்துக்கிறேன்னு அவ பென் டிரைவ்ல கொண்டுவந்ததைத் திறந்தேன். அந்தப் புரோகிராம்ல ஒவ்வொரு பொம்மைக்கும் கீழே பேர் எழுதியிருக்கும்தானே? இந்தப் பொம்பளைக்குக் கீழ "அம்மா"ன்னு எழுதியிருக்கு.

அப்பவே தெரிஞ்சு போச்சு. தமிழம்மா!

உங்க ஊர்லயும் அப்படித்தானே? கணக்குக்கு மிஸ்ஸு, அறிவியலுக்கு மிஸ்ஸு, தமிழுக்கு மட்டும் அம்மா. எங்க பள்ளிக்கூடத்துல தமிழம்மா கொஞ்சம் கண்டிப்பு. ஒற்றெழுத்து விட்டுப் போனா பத்துத் தடவை எழுதச் சொல்வாங்க. பிள்ளை மனசுல அது எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு பாருங்க! என்கிட்டகூடச் சொல்லாம கம்ப்யூட்டர்ல கொட்டியிருக்கா. எனக்கு மனசு கேட்கலை. மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு தமிழம்மாவைப் பார்க்கப் போயிட்டேன். சண்டைக்கு இல்லை, பதமாத்தான் பேசினேன்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. பிள்ளைங்களைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்க. எதுக்கெடுத்தாலும் சீக்கிரம் சீக்கிரம்னா பிஞ்சு மனசு என்னத்துக்கு ஆகும்?"

அவங்க கேமை நின்னு பார்த்தாங்க. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாங்க. மறுபடி கேமைப் பார்த்தாங்க. "நான் நைட்டி போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வர்றதில்லையேம்மா"ன்னாங்க.

ஆமா, அந்தப் பொம்மை நைட்டிதான் போட்டிருக்கு, தோள்ல துண்டு வேற. நான் விளக்கிச் சொன்னேன். "சேலைன்னா கொசுவம் வரையணும்ல அம்மா? பிள்ளைக்கு அது கஷ்டம். நைட்டின்னா ஒரே கோடு."

"கையில தொடப்பம் இருக்கே?"

"அது பிரம்புதாம்மா. வரையும்போது அப்படி வந்துடுச்சு."

"நான் பிரம்பு வச்சுக்கிறதில்லை."

"பிள்ளைக்கு அப்படித் தோணியிருக்கு, பாருங்க."

"தலை காஞ்சுதான்னு நான் எதுக்குக் கேட்கப் போறேன்?"

"பாசம்தாம்மா. உங்களுக்கே தெரியாது உங்ககிட்ட எவ்வளவு பாசம் இருக்குன்னு."

அவங்களுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாங்க. தோள் ரெண்டும் குலுங்குது. அழுறாங்கன்னு நினைச்சு நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "சரிம்மா, நான் என்னை மாத்திக்கிறேன். கண்காட்சியில நானும் உள்ள இருந்தேன். நீங்க இந்தக் கேமைக் கடைசி வரைக்கும் பார்த்தீங்களா?"ன்னு கேட்டாங்க.

"எனக்கு ஏதும்மா நேரம்?"

"கையை எடுத்துட்டுப் பாருங்க மாரீஸ்வரி. ஒருநாள் பாருங்க."

பெரிய மனசுக்கா அவங்களுக்கு. குத்தத்தை ஒத்துக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும்தானே.

சிரிக்காதீங்கக்கா, நீங்க என்ன, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு? விஷயத்துக்கே இன்னும் நான் வரலை.

கையை எடுத்துட்டுப் பாருன்னாங்களேன்னு அந்தப் பொம்பளையோட துண்டுகளை எல்லாம் பிரிச்சுப் பார்த்தேன். விஷயம் புரிஞ்சுது. நாம விசையை அமுக்கிக்கிட்டே இருந்தா அவ பேசிக்கிட்டே இருப்பா. நாம கையை எடுத்துட்டோம்னா, கொஞ்ச நேரத்துல அவ பேச்சை நிறுத்திட்டு உட்கார்ந்துடுவா. அதோட சரி. கீழே ஒரு ஆரஞ்சுத் துண்டு, காத்திரு. அதுக்குக் கீழே ஒண்ணுமே இல்லை. வெறுமை. ஓரத்துல எதோடயும் ஒட்டாம ஒரு துண்டு தனியாக் கிடந்துச்சு, மிச்சம்னு விட்டுட்டேன்.

பிள்ளை முடிக்க மறந்துட்டான்னு எனக்குத் தோணிச்சு. மாவட்டப் போட்டிக்குப் போற கேம் இப்படி அந்தரத்துல நிக்கலாமா? ஒரு பொம்பளை பேசாம உட்கார்ந்திருக்கா, அது என்ன முடிவு? அந்தக் காத்திருவைத் தூக்கிட்டு, அந்த இடத்துல நல்லதா ஒரு வரி போட்டேன். "சும்மா உட்காராதே, போய்ப் படி." கேமுக்கு ஒரு கருத்தும் கிடைச்ச மாதிரி ஆச்சு. தமிழம்மாவுக்கும் மரியாதை.

அந்தப் பொம்பளையோட துண்டுகளை மட்டும்தான் தொட்டேன். பிள்ளை பொம்மையோட துண்டுகளை நான் திறக்கவே இல்லை. அது சின்னப் பிள்ளை, அதுக்குள்ள என்ன இருக்கப் போகுது?

தன்ஷிகாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. அழுவாளோ சண்டை போடுவாளோன்னு நினைச்சேன். ஒண்ணுமே இல்லை. "அப்போ இது உன் கேம்மா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பிள்ளை நம்ம உழைப்பை மதிக்குதுல்ல?

ஆனா அன்னிலேருந்து அவ லேப்டாப் பக்கமே வர்றதில்லைக்கா. நான் கூப்பிட்டா, "நீ பண்ணும்மா"ங்கிறா. பூனையைக்கூடத் திறக்கலை. ஜெபராஜ் சார் அடுத்த சனிக்கிழமை என்ன பண்ணப் போறன்னு கேட்டதுக்கு, "எனக்கு வேண்டாம் சார், எங்கம்மாவைக் கூப்பிடுங்க"ன்னாளாம். சார் சிரிச்சுக்கிட்டேதான் என்கிட்டச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரலை.

காலையில யூனிபார்ம் போட்டுக்கிட்டு நின்னவகிட்ட கேட்டேன். "ஏன் பிள்ள, எதைக் கொடுக்கட்டும்?" "உன் இஷ்டம்." "போட்டிக்குக் கூப்பிட்டா நீதான் மேடையில நின்னு ஒவ்வொரு துண்டா விளக்கணும்." "விளக்குறேன். அந்த ஒரு வரி வந்தா மட்டும், அது எங்கம்மா போட்டதுன்னு சொல்லிடுவேன்."

பொய் சொல்ல மாட்டா, அது என் வளர்ப்பு. ஆனா இங்க சுவர்ல எழுதி ஒட்டியிருக்காங்களே பார்த்தீங்களா? பெற்றோர் கை பட்டிருந்தா நீக்கிடுவாங்களாம். இப்போ சொல்லுங்க. என்னோடதைக் கொடுத்தா கேம் முழுசா இருக்கும், ஆனா பிள்ளை மேடையில உண்மையைச் சொல்லிடுவா, போச்சு. அவளோடதைக் கொடுத்தா பிள்ளை பிழைச்சுக்குவா, ஆனா கேம் பாதியில நிக்கும். அரைகுறையா ஒண்ணைக் கொண்டுவந்து கொடுத்தாளாம் ஒருத்தின்னு ஆயிடாது?

அட, எழுந்திரிச்சிடுச்சு. பாருங்க, எப்படி முனகுதுன்னு. எதைக் காட்டட்டும்? அவளோடதா? அவளோடதைப் பார்த்துட்டு அப்புறம் என்னோடதைப் பாருங்க, வித்தியாசம் தெரியும். இந்தா, கேமை ஓட்டிவிடுற பச்சைக் கொடி. அமுக்கிட்டேன். இதுதான் பிள்ளை, ரெட்டைச் சடை. அந்தா கேட்டு. வந்துட்டா பாருங்க அந்தப் பொம்பளை. "தலை காஞ்சுதா?" போச்சு, பத்து அடி. நான் இந்தா அமுக்குறேன், அமுக்குறேன், ம்... "தண்ணி குடிச்சியா?" மறுபடி பின்னாடி. நாள்பூரா அமுக்கினாலும் இதேதான்.

என்ன? கையை எடுக்கவா? நீங்களும் தமிழம்மா மாதிரியே சொல்றீங்களே. அதுல ஒண்ணும் இல்லைக்கா, நான்தான் பிரிச்சுப் பார்த்தேனே. சரி சரி. எடுத்துட்டேன். மடியில வச்சுக்கிட்டேன், போதுமா?

பேசிக்கிட்டுத்தான் இருக்கா. "சீக்கிரம்." "சீக்கிரம்." இந்தா, வாயை மூடிட்டா. உட்கார்ந்துட்டா. இதுதான் அக்கா, நான் சொன்ன இடம். பாருங்க, வெறுமையா இல்லை? இந்த இடத்துலதான் நான் அந்த வரியை...

பேச வேண்டாமா? சரி.

அக்கா.

பிள்ளை நகருது. நான் தொடலையே. ரெண்டு கையும் மடியிலதான் இருக்கு, நீங்களே பாருங்க. கேட்டு அந்தப் பக்கம்ல இருக்கு? இவ இந்தப் பக்கமா வர்றா.

பத்து அடி. நிக்கிறா. அந்தப் பொம்பளை முகத்தைப் பார்க்கிறா. திட்டுவாளோன்னு பார்க்கிறா போல.

இன்னும் பத்து அடி.

தமிழம்மாகிட்ட எதுக்குக்கா இவ்வளவு பக்கத்துல போறா? ஒரு டீச்சர் பக்கத்துல போய் யாராவது இப்படி... மடியில தலையை வைக்கிறா அக்கா. சடையை முன்னாடி எடுத்துப் போட்டுக்கிட்டு. இவ வீட்டுல இப்படித்தான், படுக்கிறதுக்கு முன்னாடி சடையை முன்னாடி எடுத்துப் போட்டுக்குவா, குத்தும்னு.

வீட்டுல இப்படித்தான்.

அந்தப் பொம்பளை ஒண்ணும் சொல்லலை. ஒண்ணுமே சொல்லலைக்கா. கையை மட்டும் பிள்ளை தலையில வைக்கிறா. கேட்டுக்கு வெளியே பிள்ளைங்க இன்னும் விளையாடிக்கிட்டுத்தான் இருக்குதுங்க, இவ திரும்பியே பார்க்கலை.

என்னையா கூப்பிடுறாங்க? மாரீஸ்வரி, அருப்புக்கோட்டை. ஆமா சார், நான்தான். இல்லை சார், இந்த அக்காவை முதல்ல அனுப்புங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. நீங்க போங்கக்கா, பரவாயில்லை. கண்ணெல்லாம் ஒண்ணுமில்லை, தூசி. போங்க. இந்தப் பென் டிரைவ்ல இருந்து என்னோடதை அழிச்சுட்டுத்தான் நான் வரணும். அதுக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனா இந்தக் காத்திருவை எவ்வளவு நேரத்துக்குப் போட்டு வச்சிருக்கான்னு அன்னிக்கு நான் பார்க்கலை. முடியற வரைக்கும் நான் இருக்கேன்.